ஒரே ஆள்

படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடக்க, எதிர்ப்பக்கம் பிடித்திருந்த ஜோடிக்காரியும் அவளை நோக்கி நடந்து வந்தாள். நடுவில் சந்தித்து முனைகளைச் சேர்த்து மடிக்கும்போதுதான் சலவைக் கூடத்தின் வாசலில் பெயிண்டர் நிற்பது தெரிந்தது. அவள் வீட்டுக்காரரோடு ஒரே பட்டறையில் வேலை செய்கிற பையன். பையன் என்றாலும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். வேலை நேரத்தில் இங்கே அவனுக்கு என்ன வேலை என்று அவளுக்குப் புரியவில்லை.

இயந்திரங்களின் இரைச்சலில் அவன் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, அண்ணன் செத்துட்டாருக்கா!"

அவள் சிரித்துவிட்டாள்.

"இப்பதான் தெரியுமா தம்பி உனக்கு? அவர் செத்து ஆறு வருஷம் ஆச்சே!"

ஜோடிக்காரியும் சிரித்தாள். "அடக்கத்துக்கு எங்களை எல்லாம் கூப்பிடவே இல்லையேக்கா நீ" என்று தன் பங்குக்கு ஒன்றைப் போட்டாள். அவளுக்கும் அந்தக் கதை தெரியும். சலவைக் கூடத்தில் எல்லோருக்குமே தெரியும்.

பெயிண்டர் சிரிக்கவில்லை. புருவத்தில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. மூக்கை மூடுகிற துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தான்.

"இல்லக்கா. நிஜமாவே."

ஜோடிக்காரியின் கையிலிருந்து விரிப்பு நழுவி ஈரத்தரையில் விழுந்தது. ஐயோ, மறுபடியும் துவைக்கணுமே என்று அவள் நினைத்தாள். கட்டினவன் செத்த செய்தி கேட்டு முதலில் சிரித்ததும், அடுத்ததாக விரிப்பைப் பற்றிக் கவலைப்பட்டதும் தான்தான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவே இல்லை. மிச்சமிருந்த பாதியைத் தனியாகவே மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, "செருப்பு எங்க?" என்று கேட்டாள். செருப்பு காலில்தான் இருந்தது.

இந்தச் சிரிப்புக்குக் காரணம் சொல்லாவிட்டால் அவளைப் பற்றித் தப்பாக நினைக்கத் தோன்றும்.

அவள் வீட்டுக்காரர் டிங்கரிங் வேலைக்காரர். இடிபட்டு நசுங்கிய கார்க் கதவை உள்ளே இருந்து தட்டித் தட்டிச் சரிசெய்கிற வேலை. பட்டறையில் அவருக்கு 'சுத்தி' என்று பெயர். சுத்தியலைச் சுருக்கி வைத்தது. தொழிலை வைத்து வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். எதற்கெடுத்தாலும் கைநீட்டுகிற ஆள் என்பதால் வந்த பெயர் என்பது கூட இருந்தவர்களுக்குத் தெரியும். பட்டறையில் அடிப்பார், குடித்த இடத்தில் அடிப்பார், அங்கே யாரும் அகப்படாத நாளில் வீட்டுக்கு வந்து அடிப்பார். ஒருநாள் காலையில், முதல் நாள் குடித்தது இன்னும் தெளியாமல், சட்டை காயவில்லை என்பதற்காக அவளை ஓர் அறை அறைந்தார். இடது காது அதோடு போயிற்று. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட இருந்த மகன் வாயில் பல்துலக்கும் பிரஷோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்படிப்பட்ட மனிதர் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஜாக்கி நழுவி, காருக்கு அடியில் அகப்பட்டுக்கொண்டார். யாரோ உருட்டிவிட்டுப் போன பழைய டயர் ஒன்று குறுக்கே கிடந்ததால் வண்டி நெஞ்சுக்குமேல் அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்குக் குடிக்காமல் வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அவள் அவருக்குத் தெரியாமல் போய்வந்துகொண்டிருந்த சபைக்கு, "நானும் வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் பயந்துபோய், எங்கே அங்கே வந்து ரகளை பண்ணப்போகிறாரோ என்று வழி நெடுக ஜெபித்துக்கொண்டே போனாள்.

ரகளை எதுவும் பண்ணவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். சில மாதங்களில் ஞானஸ்நானமும் எடுத்தார். தண்ணீரில் முங்குவது பழைய மனுஷனை அடக்கம் பண்ணுவது போல என்று போதகர் அன்றைக்கு விளக்கினார். அவர் செய்த பிரசங்கங்களில் வேறு எது சுத்தியின் மண்டையில் ஏறியதோ இல்லையோ, இது ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பழைய கூட்டாளிகள் போன் பண்ணி, "சுத்தி இருக்கானா?" என்று கேட்டால், "அவன் செத்துட்டானே, தெரியாதா? அடக்கமும் ஆயிடுச்சு" என்று சொல்லி வைத்துவிடுவார். தூரத்திலிருந்த ஒருவர் அதை நம்பி, மலர்வளையமும் கையுமாக வந்து கதவைத் தட்ட, சுத்தியே போய்க் கதவைத் திறந்தார். வந்தவர் வளையத்தைப் போட்டுவிட்டு ஓடிய ஓட்டத்தைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தார்கள். அவளும் அந்தப் பேச்சைப் பழகிக்கொண்டாள். போனை அவள் எடுத்தால் அவளே சொல்லிவிடுவாள்: "நீங்க தேடற ஆள் செத்துட்டார்ங்க."

மாறியது பேச்சு மட்டும் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். குடியை விட்டார். குரலை உயர்த்தவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். அவளிடம் எது சொல்வதானாலும் சுற்றிக்கொண்டு அவளுடைய வலது பக்கம் வந்து நின்றுதான் சொல்வார். பஸ்ஸிலும், சபை பெஞ்சிலும், கடையில் வரிசையில் நிற்கும்போதும் வலது பக்கம்தான். ஏன் என்று அவர் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

அவளுக்குச் சந்தோஷம்தான். நிம்மதியாகத் தூங்குகிற வீடு எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது தூங்காதவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் ஒன்றை அவள் கேட்காமலே வைத்திருந்தாள். ஒருமுறை துணி காயப்போடும்போது, எப்படியோ துணிச்சல் வந்து, "அன்னைக்கு நீங்க என்னை..." என்று ஆரம்பித்தாள். அவர் உடனே, ரொம்ப மென்மையாக, "அவன் செத்துட்டான்மா" என்றார். அதற்குமேல் என்ன பேசுவது? செத்தவனோடு யாராவது சண்டை போட முடியுமா? அடித்தவன் செத்துப்போய்விட்டான், அடி வாங்கினவள் மட்டும் உயிரோடு இருந்தாள்.

மகன் அந்தப் பேச்சுக்கு ஒருநாளும் சிரித்ததில்லை. மீசை முளைத்ததுமே வீட்டைவிட்டுப் போய், வேறு ஊரில் எலக்ட்ரீஷியனாகிக் கல்யாணமும் செய்துகொண்டான். ஞானஸ்நானம் முடிந்த புதிதில் அவள் கெஞ்சியதற்காக ஒரே ஒருமுறை வந்தான். அப்பா அவனிடமும் அதையேதான் சொன்னார். அவன் தட்டிலிருந்து கையை எடுத்தான்.

"சரி, செத்துட்டான். அப்போ அம்மாவை அடிச்சதுக்கு நான் யாருகிட்ட போய்க் கேக்கறது?"

அவன் எழுந்து கை கழுவிக்கொண்டு போனவன்தான்.

ஆஸ்பத்திரியில் அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டாக்டர் வந்து ஏதோ சொன்னார். அவர் இடது பக்கம் நின்று சொன்னதால் பாதிதான் காதில் விழுந்தது. மறுபடி சொல்லுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டுக்குத் திரும்புகிற வண்டியில் பெயிண்டர்தான் எல்லாவற்றையும் சொன்னான்.

"கதவு ஒண்ணு தட்டிட்டிருந்தார்க்கா. திடீர்னு சுத்தியலக் கீழ வெச்சிட்டு, தண்ணி குடுடான்னார். நான் கொண்டு வர்றதுக்குள்ள டயர் மேல உக்காந்துட்டார். கூப்பிடறேன், அப்படியே பாத்துட்டிருக்கார். வெளையாடறார்னு நெனச்சேன். சத்தியமா வெளையாடறார்னுதான்க்கா நெனச்சேன்."

சொல்லிவிட்டு அவன் வெளியே பார்த்தான். தனக்குத்தானே சொல்வதுபோல, "செத்துட்டான்னு சொல்றதைக் கூட இப்போ விட்டிருந்தார்" என்றான்.

"என்ன விட்டிருந்தார்?"

"அந்த ஜோக்தான்க்கா. கொஞ்ச நாளா சொல்றதில்ல. போன வாரம் ஒருத்தர் போன் பண்ணி, சுத்தி இருக்கானான்னு கேட்டார். வழக்கமா சொல்றதைச் சொல்வார்னு நாங்க எல்லாம் காத்திட்டிருக்கோம். 'ஆமா, நான்தான் பேசறேன்'ங்கறார். எங்களுக்கே சப்புனு போச்சு."

அவளுக்கு அது புதிய செய்தி. ஆனால் அன்றைக்கு எல்லாமே புதிய செய்தியாக இருந்ததால் தனியாக ஒன்றும் தோன்றவில்லை.

மத்தியானம் அவரை முன்னறையில் கிடத்தினார்கள். பெயிண்டரும் சபை ஆண்கள் இரண்டு பேரும் சேர்ந்து, அவர் ஞாயிற்றுக்கிழமை போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள். சவப்பெட்டி வந்தது. நாற்காலிகள் வந்தன. சபையில் பாட்டு நடத்துகிற பாட்டுக்காரம்மா தன் கூட்டத்தோடு வந்து உட்கார்ந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று. இதெல்லாம் வேறு யாருடைய வீட்டிலோ நடப்பது மாதிரி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. வருகிறவர்கள் எல்லாம் அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, அவள் அழாததைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்தமாதிரி போய் உட்கார்ந்தார்கள்.

மகனுக்குச் சொல்ல வேண்டுமே என்று ஜோடிக்காரிதான் ஞாபகப்படுத்தினாள். அவள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

"அப்பா செத்துட்டார்டா."

மறுமுனையில் துளைபோடுகிற இயந்திரத்தின் சத்தம். "அம்மா, வேலையில இருக்கேன். இதைத்தான் ஆறு வருஷமா சொல்லிட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு வார்த்தை எதுவும் அகப்படவில்லை. செத்துட்டார் என்பதற்கு வேறு என்ன சொல்வது? இருந்த ஒரே வார்த்தையையும் சிரித்துச் சிரித்தே தேய்த்துத் தீர்த்திருந்தார்கள்.

பெயிண்டர் தன் போனிலிருந்து கூப்பிட்டு, ஆஸ்பத்திரி, டயர், தண்ணீர் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தான். இந்த முறை மகன் முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு, அம்மாவிடம் கொடுங்கள் என்றான்.

"அம்மா, நான் ஒண்ணு கேக்கறேன். எங்கப்பா ஆறு வருஷம் முன்னாடியே செத்துட்டார்னு நீங்கதானே சொன்னீங்க? அடக்கம் கூட ஆயிடுச்சுன்னீங்க. அப்போ இன்னைக்கு செத்தவர் யாரு? எனக்குத் தெரியாத ஆளும்மா அவர். நல்ல மனுஷனா இருந்திருப்பார். நீங்க எல்லாம் சேர்ந்து நல்லபடியா அடக்கம் பண்ணுங்க."

"டேய்..."

"நான் கத்தலம்மா. நிதானமாத்தான் சொல்றேன். எனக்கு அவரைத் தெரியாது."

உண்மையிலேயே அவன் கத்தவில்லை. அவன் கத்தியிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. அப்பன் முகத்தைப் பார்க்காமலே இவன் விட்டுவிட்டால், நாளைக்கு, நாளை மறுநாள், தலை நரைத்த பிறகு, யாரிடம் போய்க் கேட்பான்? அவளுக்கு அன்றைக்கு முதல்முதலாகப் பயம் வந்தது. செத்தவரைப் பற்றிய பயம் இல்லை, இருக்கிறவனைப் பற்றிய பயம்.

அடுப்பின்மேல் காலையில் பால் காய்ச்சிய பாத்திரம் அப்படியே இருந்தது. பொங்கி வழிந்து அடி கருகியிருந்தது. அதை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். ஜோடிக்காரி வந்து, "வைக்கா, நான் தேய்க்கறேன்" என்றாள். அவள் கொடுக்கவில்லை. தேய்க்கத் தேய்க்கத்தான் காலையில் நடந்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

பால் பொங்குகிற நேரம். அவர் சமையலறைக்குள் வந்தார். வந்தவர் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு வரவில்லை. இடது பக்கமே நின்றார். ஓரக்கண்ணில் உதடு அசைவது தெரிந்தது. இது என்ன புதுசா இந்தப் பக்கம் என்று ஓர் எரிச்சல். சாயங்காலம் வரும்போது ஏதாவது வாங்கி வரணுமா என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து, பாலைப் பார்த்தபடியே "ம்" என்றாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குள் பால் வழிந்துவிட்டது.

போதகர் சமையலறை வாசலில் வந்து நின்றார். சின்ன வயசுக்காரர், சுத்தியைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். சுத்திக்கு ஞானஸ்நானம் கொடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஆராதனையில நீங்க ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லணும். அண்ணனோட மாற்றத்தைப் பத்தி. உங்களுக்கு முடிஞ்சா மட்டும்தான்."

"எந்த ஆளைப் பத்தி பாஸ்டர்?"

"புரியலக்கா."

"ரெண்டு ஆள் இருக்காங்களே. செத்தவன் ஒருத்தன், இருந்தவர் ஒருத்தர். நான் எந்த ஆளுக்குச் சாட்சி சொல்றது?"

கேட்டுவிட்டு அவளே திகைத்தாள். போதகரிடம் அவள் இப்படிப் பேசியதே இல்லை. பாத்திரத்தைத் தேய்க்கிற கை மட்டும் நிற்கவில்லை. போதகர் திருப்பிப் பிரசங்கம் செய்யவில்லை. கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்தார். வாளி முனகியது.

"இதையேதான்க்கா அண்ணனும் கேட்டார்."

"எப்போ?"

"புதன்கிழமை ஜெபம் முடிஞ்சு எல்லாரும் போன பிறகு. 'பழைய மனுஷன் செத்துட்டான்னு நீங்க சொன்னீங்க, நானும் ஊரெல்லாம் சொல்லிட்டேன். அவன் செத்துட்டான்னா, அவன் அறைஞ்ச காது மட்டும் ஏன் பாஸ்டர் இன்னும் கேக்காம இருக்கு?'ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. உங்க காது விஷயம் எனக்கு அதுவரைக்கும் தெரியாது. பிறவியிலேயேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

கை நின்றது. குழாயிலிருந்து தண்ணீர் பாத்திரத்தில் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. போதகர் எழுந்து குழாயை மூடினார்.

"நான் படிச்சதுல இருந்து ஏதோ ஆரம்பிச்சேன். அவர் வேணாம்னு கையைக் காட்டினார். 'கர்த்தர் என்னை மன்னிச்சுட்டார், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா அறை வாங்கினது அவர் இல்லையே. நான் அவன் செத்துட்டான் செத்துட்டான்னு சொல்லி, அவளைக் கேக்கவிடாமலே பண்ணிட்டேன்'ன்னார். வீட்டுக்குப் போய் அவங்ககிட்டயே பேசுங்கன்னு மட்டும் சொன்னேன். வாய் வரமாட்டேங்குது பாஸ்டர்ன்னார். பேசினாரா?"

முதுகுப்பக்கம் சுவர் இருந்தது நல்லதாயிற்று. சாய்ந்துகொண்டாள். இடது பக்கம் நின்றார், உதடு அசைந்தது, அவள் "ம்" என்றாள். அந்தக் காதிடமே சொன்னாரா? அவளுக்குக் கேட்கக் கூடாது என்று அங்கே நின்றாரா, நேரில் சொல்வதற்குமுன் ஒருதரம் சொல்லிப் பழகிப் பார்த்தாரா? என்னதான் சொன்னார்? எதற்கு அவள் சரி என்றாள்? அவளுக்குக் கோபம் வந்தது. மனுஷன் கொஞ்சம் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து சொல்லியிருக்கக் கூடாதா! இத்தனை வருஷம் சுற்றி வந்த மனுஷனுக்கு இன்றைக்கு என்ன கேடு!

"பேசினார்" என்றாள். போதகர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் போனதும் மகனுக்கு மறுபடி போன் போட்டாள். மருமகள்தான் எடுத்தாள்.

"அத்தை, அவர் வேலையில இருந்து வந்துட்டார். வந்ததுல இருந்து செருப்பைக் கூடக் கழட்டாம உக்காந்துட்டிருக்கார். எனக்குப் பயமா இருக்கு அத்தை."

"அவன் பேச வேண்டாம். அவன் காதுல வை, போதும்."

வைத்தாள் என்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது.

"டேய். நான் உன்கிட்டப் பொய் சொல்லிட்டிருந்தேன். செத்துட்டான் செத்துட்டான்னு அவரோட சேர்ந்து நானும் சொன்னேன். அப்படிச் சொன்னா வீட்டுல சண்டை இல்ல, அதான் சொன்னேன். யாரும் சாகலடா. என் காதுல அறைஞ்ச ஆளும், ஆறு வருஷமா என் வலது பக்கம் வந்து நின்னு பேசின ஆளும் ஒரே ஆளுதான். அந்த ஆளு இன்னைக்குக் காலையிலதான் செத்தாரு. உங்கப்பாதான்டா செத்தது. வேற யாரோ இல்ல."

அவன் செருப்பு தரையில் தேய்கிற சத்தம் கேட்டது.

"அது அவருக்கே தெரிஞ்சு போச்சுடா. காலையில என் செவிட்டுக் காதுகிட்ட நின்னு என்னமோ சொன்னாரு. எனக்குக் கேக்கல. நான் கேக்காமலே 'ம்'னு சொல்லிட்டேன்."

"எதுக்குச் சொன்ன?" அவன் குரல் திடீரென்று உடைந்து பெரிதாக வந்தது. "என்னன்னே தெரியாம எதுக்கும்மா 'ம்'னு சொன்ன நீ? உன்னை யாரு சொல்லச் சொன்னா?"

"எனக்குத் தெரியலடா. அஞ்சு மணிக்கு எடுத்துடுவாங்க. உனக்குக் கேக்கணும்னா அதுக்குள்ள வந்து கேளு. அப்புறம் மூடிடுவாங்க."

யார் முதலில் போனை வைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாலு மணி தாண்டியிருக்கும். பாட்டுக்காரம்மா கூட்டத்தோடு பாடிக்கொண்டிருந்தார். மகன் வேலைக்குப் போட்டிருந்த சட்டையோடு, பையில் டெஸ்டரும் ஸ்குரூ டிரைவரும் துருத்திக்கொண்டிருக்க, உள்ளே வந்தான். மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவன் யாரையும் பார்க்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று கீழே பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாங்கின பொருள் தான் கேட்டதுதானா என்று கடைக்கு வெளியே நின்று சரிபார்க்கிறவன்போலப் பார்த்தான். பாட்டு நின்றது.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றான்.

பாட்டுக்காரம்மா போதகரைப் பார்த்தார். போதகர் அவளைப் பார்த்தார். அவள் எழுந்து வெளியே வந்தாள். அவள் வந்ததும் மற்றவர்களும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். கதவு மூடியது.

பெயிண்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பெட்டி கொண்டுவந்த வண்டிக்காரர் பீடியைப் பற்றவைக்கலாமா என்று யோசித்து, சபைக்காரர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு உள்ளேயிருந்து குரல் கேட்டது. பேச்சாகத்தான் ஆரம்பித்தது. மெல்ல மெல்ல ஏறியது.

"...எந்திரிச்சு பதில் சொல்லு. செத்துட்டேன்னு சொல்லித் தப்பிச்சுக்கப் பாக்காத. நான் வாய் நெறைய நுரையோட வாசல்ல நின்னேன். நீ என்னைப் பாத்துட்டுத்தான் அடிச்ச. பாத்தியா இல்லையா? பையன் பாக்கறான்னு தெரிஞ்சுதானே அடிச்ச! ராத்திரி எல்லாம் நான் அம்மா மூச்சு விடறாளான்னு மூக்குகிட்ட கை வெச்சுப் பாப்பேன், அது தெரியுமா உனக்கு? சொல்லு. இப்போ சொல்லுய்யா, எந்தக் காதுல வேணும்னாலும் சொல்லு..."

வாசலில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். மருமகள் குழந்தையின் தலையைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள். சாவு வீட்டில் செத்தவரைத் திட்டி யாரும் கேட்டதில்லை. பாட்டுக்காரம்மா நல்ல மனதுக்காரர். வீட்டு மானம் வாசலுக்கு வருகிறதே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு உரத்த குரலில் ஒரு பாட்டை எடுத்தார். கூட்டமும் ஒட்டிக்கொண்டது. ஒரு வரி முடிவதற்குள் அவள் கையை உயர்த்தினாள்.

"பாடாதீங்கம்மா. அவன் பேசட்டும்."

"இல்லம்மா, அக்கம்பக்கத்துல..."

"கேக்கட்டும்."

பாட்டு நின்றது. போதகர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபித்தாரோ, வெறுமனே மூடிக்கொண்டாரோ. உள்ளே குரல் போய்க்கொண்டே இருந்தது. அவளுக்குத் தெரிந்தவை வந்தன. அவளுக்குத் தெரியாதவையும் வந்தன. தனக்குத் தெரியாமல் பிள்ளைக்கு இத்தனை நடந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே நின்றாள். உட்காரத் தோன்றவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தைகள் குறைந்தன. பிறகு குரல் மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

ஐந்து மணியாயிற்று என்று வண்டிக்காரர் இருமிக் காட்டினார். யாரும் அசையவில்லை.

கதவு திறந்தது. மகன் கண் சிவந்து, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, ஊசி நூல் இருந்தா குடு."

"எதுக்குடா?"

"சட்டையில ஒரு பட்டன் தொங்கிட்டிருக்கு. விழுந்துடும்."

அவள் உள்ளே போய், தையல் சாமான் இருந்த டப்பாவைத் தேடி எடுத்து வந்தாள். வெள்ளை நூலை நாக்கில் நனைத்து ஊசியில் கோத்து, முடிச்சுப் போட்டு அவனிடம் கொடுத்தாள். அவன் பெட்டியருகே மண்டியிட்டான். ஊசி உடம்பில் குத்திவிடாதபடி இரண்டு விரல்களைச் சட்டைக்குள்ளே விட்டு, நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, மெதுவாகத் தைக்க ஆரம்பித்தான்.